ஒன்ஸ்மோர்காரர்

எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் தெருவில் இருந்த அவர் காசு விஷயத்தில் அப்படியில்லை. மாதா தேருக்கும் கொடுப்பார், அம்மன் கோயில் கூழுக்கும் கொடுப்பார், தர்கா கந்தூரிக்கும் கொடுப்பார். பாராட்டில்தான் மகா கஞ்சர். ‘நல்லா இருக்கு’ என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் மருந்துக்கடை திறந்த அன்று அவரையும் கூப்பிட்டிருந்தேன். வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. அலமாரிகளை மேலும் கீழும் பார்த்தார். “எப்படி சார் இருக்கு கடை?” என்று கேட்டேன். “மருந்து இருக்கு” என்றார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு என் கடை மாத்திரையை நானே போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகுதான் தெரிந்தது, ஊரில் எல்லோருக்கும் இதே படிதான் அளந்திருக்கிறார். புது வீடு கட்டிக் காட்டியவரிடம் “செவுரு இருக்கு.” கல்யாண விருந்து போட்டவரிடம் “சோறு இருக்கு.” சொந்த மகள் பிறந்தபோது தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, “புள்ள இருக்கு” என்றாராம். அவர் மனைவி பிலோமினா அக்கா இதை என் கடை வாசலில் நின்று சொல்லிச் சிரிப்பார். பாதிச் சிரிப்பிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் அந்த அடையாளத்தைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘ஒன்ஸ்மோர்காரர் வீடு எது?’ என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும்.

இசை நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் கூட்டத்திலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று சத்தம் வரும். நடிகர் மறுபடி பாடியாக வேண்டும். கதை என்னவாகும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ‘அரசலாற்று அரசி’ என்று எங்கள் பக்கத்தில் வழிவழியாகப் போடுகிற நாடகம் ஒன்று உண்டு. கடைசியில் அரசி விஷம் குடித்து ஆற்று முகத்துவாரத்தில் விழுந்து, ‘கரையேறாத படகே’ என்று பாடிச் சாவாள். செத்த பிறகு ஒன்ஸ்மோர் வந்தால், எழுந்து சேலையை உதறிக்கொண்டு, மறுபடி பாடி, மறுபடி சாவாள். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நன்றாகப் பாடினால் இரண்டு தரம் சாகத்தான் வேண்டும்.

கூட்டம் கேட்பது வேறு, அவர் கேட்பது வேறு. நெரவியிலும் கோட்டுச்சேரியிலும் எங்கே நாடகம் போட்டாலும் முன்வரிசை ஓரத்து நாற்காலி அவருக்கு. கை தட்டமாட்டார், தலையாட்டமாட்டார். மேடையில் இருப்பவர்களின் கண் பாட்டுக்குப் பாட்டு அந்த ஓரத்துக்குத்தான் போகும். வருஷத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பாட்டுக்கு, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சாதாரணமாக, “ஒன்ஸ்மோர்” என்பார். பாடிய ஆள் அன்று தரையில் நடக்கமாட்டார். வேறொரு பாட்டுக்காரர் தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒரு தரம் மறுத்துவிட்டாராம். இவருக்குக் கோபமே இல்லை. “கேக்குறது நம்ம பாடு, பாடுறது அவங்க பாடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

மாதா கோயில் பூசையில் ஒரு நாள் புதிதாக வந்த சாமியார் பிரசங்கத்தை முடித்ததும் இவர் “ஒன்ஸ்மோர்” என்றுவிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் வெளியூர்க்காரர். திருதிருவென்று விழித்துவிட்டு, கடைசிப் பத்தியைத் திரும்பச் சொன்னார். இதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. கோட்டுச்சேரியில் ஒரு தையல்காரர், பெண் வேஷம் கட்டுவார். அரசி வேஷத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. கூட்டம் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இந்த மனிதர் மட்டும் ஒரு வருஷமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் டீக்கடையில் தையல்காரர் நேராகவே கேட்டுவிட்டார். “சார், என் பாட்டுல என்ன சார் குறை?” இவர் டீயைக் குடித்து முடித்து, “வேஷம் இருக்கு” என்றார். தையல்காரர் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் குடியா முழுகிவிடும் என்று நான் அவரிடம் சண்டைக்கே போனேன். “பொய் சொல்லச் சொல்றியா தம்பி?” என்றார்.  

அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பும் நிறைய ஈரமும் உள்ள குரல். வீட்டில் அரசி பாட்டைத்தான் எப்போதும் பாடிக்கொண்டிருப்பாள். அதில் ஒரு குறை உண்டு. ‘கரையேறாத’ என்று இழுத்துவிட்டு, மூச்சு போதாமல், ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு ‘படகே’ என்பாள். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே அது பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும்.

“படவு ரெண்டா ஒடையுதும்மா.”

“மூச்சு பத்தலப்பா.”

“கொரல் இருக்கு” என்பார். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த இரண்டு சொல்தான். அப்பா ஒரே ஒரு தரம் ஒன்ஸ்மோர் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பிலோமினா அக்காவுக்கும் தன் மீன்குழம்பைப் பற்றி அதே ஆசை உண்டு. அக்கா நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார். ஸ்டெல்லா விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து டி.வி.காரர்கள் வந்தார்கள். பழைய மேடை நாடகங்களை அந்தந்த ஊரிலேயே புதிதாக எடுத்து, நடுவர்களை உட்காரவைத்து மார்க் போடச் சொல்லும் நிகழ்ச்சி. எங்கள் ஊருக்கு ‘அரசலாற்று அரசி’. ஆள் தேர்வில் ஸ்டெல்லா அரசியாகத் தேர்வானாள். உள்ளூர் நடுவர் யார் என்று கேட்டார்கள். ஊரே ஒரே வீட்டைக் கை காட்டியது. இரண்டும் ஒரே வீடு என்று தெரிந்ததும் டி.வி.காரர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அப்பாவே நடுவர், மகளே அரசி. கடைசியில் அப்பா அழ வேண்டும். விளம்பரத்துக்கு அது போதும்.

“சொந்தப் பொண்ணுக்கு நீங்களே மார்க் போடுறதா சார்?” என்று கேட்டேன்.

“யாரு பொண்ணா இருந்தா என்ன தம்பி, பாட்டு பாட்டுதானே?” என்றார்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். தொண்டைக்கு மிட்டாய் மாத்திரை கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“இது எதுக்கு வாங்குறேன்னு எனக்கே தெரியலண்ணே. நான் பாடப்போறதே இல்ல.”

“என்னம்மா சொல்ற?”

“பாட்டெல்லாம் மெட்ராஸ்ல ஒரு பாடகிய வச்சுப் பதிஞ்சுட்டாங்களாம். டி.வி.க்கு அதுதான் சுத்தமா இருக்குமாம். நான் வாய மட்டும் அசைக்கணுமாம்.” கண் கலங்கிவிட்டது. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. ஊர் முன்னாடி எனக்கு அசிங்கமாயிடும்.”

“சரிம்மா, சொல்லல.”

“அதவிட பயம் ஒண்ணு இருக்குண்ணே. அந்தப் பாட்டு அவ்வளவு நல்லா இருக்கு. கேட்டுட்டு அப்பா ஒன்ஸ்மோர் கேட்டுட்டாங்கன்னா?”

 வாழ்நாளெல்லாம் எதற்காகக் காத்திருந்தாளோ, அது நாளைக்கு வந்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வந்தாலும் அது வேறொருத்திக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

நாடகம் நடந்தது கடற்கரை போகும் சாலையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. அவருக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. நேரத்துக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி, பிலோமினா அக்கா என்னை அவருக்குப் பின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். அவருக்கு ஒரு பக்கம் சினிமா நடிகர் ஒருவர், இன்னொரு பக்கம் நாட்டிய ஆசிரியை. ஒவ்வொருவர் கையிலும் நம்பர் எழுதிய அட்டைகள்.

கழுத்தில் ஹெட்போன் மாட்டிய டி.வி. இளைஞர் ஒருவர் வந்து குனிந்தார். “சார், உங்க பொண்ணு சாகுறப்ப கேமரா உங்க முகத்துலதான் இருக்கும். கொஞ்சம் உணர்ச்சி வேணும்.”

“வந்தா வரும்” என்றார்.

எனக்கு நாடகத்தில் மனம் ஒட்டவில்லை. அவருடைய பிடரியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். மேடை மினுமினுத்தது. நீல வெளிச்சம், புகை, மின்விசிறியில் ஆடும் நதி. ஓரத்தில் உள்ளூர் ஆர்மோனியக்காரரை ஒரு பெட்டியோடு அலங்காரத்துக்கு உட்காரவைத்திருந்தார்கள். வாசிக்கக் கூடாது, விரலை அசைத்தால் போதும் என்று உத்தரவாம். பாட்டு ஒவ்வொன்றும் வழுவழுவென்று வந்தது. மைக்கில் ஸ்டெல்லா குரலே மாறிவிட்டது என்று பின்வரிசையில் யாரோ வியந்தார்கள். ‘கை தட்டவும்’ என்று எழுதிய பலகையை டி.வி.காரர்கள் தூக்கிக் காட்டியபோதெல்லாம் ஜனம் கை தட்டியது. அவர் அசையவில்லை. அதில் ஒன்றும் புதுமை இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் தலையைப் பின்னால் சாய்க்க, கண்ணில் மருந்து விட்டேன். வழிந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். ஒரு கேமராக்காரர் எங்கள் பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அரசி விஷம் குடித்தாள். தள்ளாடி முகத்துவாரத்து மணலில் விழுந்தாள். பாட்டு ஆரம்பித்தது.

‘கரையேறாத படகே…’

ஒரே மூச்சில் வந்தது. நடுவில் காற்று வாங்கவில்லை, உடையவில்லை. எவ்வளவோ காலமாக அவர் கேட்ட மாதிரியே, அப்பழுக்கில்லாமல் வந்தது.

அவருடைய தலை மெல்ல நிமிர்ந்தது. திரும்பாமலே கேட்டார்.

“தம்பி.”

“சார்.”

“வாய் இருக்கு. கொரல் இல்ல.”

நான் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.  அதன் அர்த்தம் அந்தப் பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை; எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்து உட்காரவைக்கலாமா என்றுகூடக் கை துடித்தது. மேடையில் ஸ்டெல்லா வாயசைத்து முடித்துச் செத்துக் கிடந்தாள். பலகை தூக்கப்பட்டது. ஜனம் தட்டிய கை ஓய்ந்ததும் அவர் சாதாரணக் குரலில் சொன்னார்.

“ஒன்ஸ்மோர்.”

 அந்தக் குரல் யாருடையது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். டி.வி.காரர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கட், கட்” என்று யாரோ கத்தினார். ஆனால் செத்த அரசி எழுந்துவிட்டாள். ஒன்ஸ்மோர் வந்தால் எழ வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து சேலை மணலை உதறிய பிறகுதான், பாடியது தானில்லை என்று அவளுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இளைஞர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “ஓகே, ஓகே, இதுவும் நல்லாத்தான் இருக்கு. பாட்ட மறுபடி போடுங்க” என்றார்.

அவர் கையைத் தூக்கினார். “அந்தப் பாட்ட நிறுத்துங்க. நான் அத கேக்கல. அவளக் கேட்டேன்.”

“சார், டைம் இல்ல சார். மைக்கும் அவங்களுக்கு…”

“மைக்கு எதுக்குங்க? எனக்குக் காது கேக்குது.”

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பெற்ற பெண்ணை ஊர் முன்னால் இப்படியா நிறுத்துவது? வாயசைத்தாள் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது.  ஸ்டெல்லா திரும்பி உள்ளே ஓடியிருந்தால் நான் அவளைத்தான் சரி என்றிருப்பேன்.

ஓடவில்லை. ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். காலையிலிருந்து சும்மா விரலை அசைத்துக்கொண்டிருந்த மனிதர், பெட்டியை அமுக்கிச் சுருதி கொடுத்தார்.

“கரையேறாத…” என்று எடுத்தாள். முதல் சொல்லே கரகரத்தது. மூச்சு வாங்கினாள். “…படகே.”

படகு இரண்டாக உடைந்தது.  மேலே போகிற இடத்தில் குரல் நடுங்கியது, பிசிறடித்தது, பிறகு நிலைத்து நின்றது. பாடப் பாட அவள் அப்பாவைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். யாரையுமே பார்க்கவில்லை. இரண்டாம் தரம் அவள் மணலில் விழுந்தபோது பலகை தூக்க மறந்துபோனார்கள். கைதட்டல் தானாக வந்தது.  சொல்வதில் வெட்கமில்லை, அழுதேன்.

நடிகர் பத்து காட்டினார். நாட்டிய ஆசிரியை பத்து காட்டினார். எங்கள் மனிதர் அட்டைகளை நிதானமாகப் புரட்டி ஒன்றை உருவினார். ஏழு.

“சார், ஏழா?” என்று இளைஞர் அலறினார்.

“மூச்சுக்கு மூணு போச்சு” என்றார். கண் காய்ந்துதான் இருந்தது.

மேடையில் எழுந்து நின்ற ஸ்டெல்லா அந்த அட்டையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம், அவர், அக்கா, ஸ்டெல்லா, நான். மீன்குழம்பு வாசனை கூடம் முழுக்க இருந்தது. கடைசிக் காட்சியில் சென்னைப் பாடகியின் குரல் வழுவழுவென்று வந்தது. ஸ்டெல்லா வாயசைத்துச் செத்தாள். ஒன்ஸ்மோர் இல்லை. அவள் எழவும் இல்லை. அதற்குப் பதில் அவர் முகம் திரை முழுக்க வந்தது. கண்ணில் நீர் வழிய, துண்டால் ஒற்றிக்கொள்கிறார். பின்னணியில் வயலின் அழுதது. நான் விட்ட சொட்டு மருந்து. அடுத்து மூன்று அட்டைகள், மூன்றிலும் பத்து. அவர் கையிலும் பத்து. எப்படிச் செய்தார்களோ!

 நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். வாழ்நாளில் ஒரு பொய்ப் பாராட்டு சொல்லாத மனிதரை ஊர் உலகமெல்லாம் பார்க்கப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். அவருக்கு அந்தக் கோபம் இருந்திருக்கும். ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அவள் பாடியது இனி எங்கேயும் இல்லை. அதை வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

“ஒன்ஸ்மோர்” என்றார்.

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். “எதுக்குப்பா?”

“அத இல்ல. நீ பாடினத.”

“ஏழு மார்க்குக்கு ஒரு தடவதான்பா.” அவள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. “கேக்குறது உங்க பாடு, பாடுறது என் பாடு. நீங்க சொன்னதுதானே?”

 மேடையிலிருந்து முன்வரிசை ஓரத்து நாற்காலியை எத்தனையோ பேர் பார்த்த மாதிரி, அவர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற பிலோமினா அக்கா சொன்னார்.

“காத்துக்கிட்டு இருக்குறது எப்படி இருக்குங்க?”

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மடியில் போடவில்லை. கையில் வைத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவ்வளவு தடுமாறி அவரை நான் பார்த்ததே இல்லை.

“ஒன்ஸ்மோர் வேணாம்மா” என்றார். “சும்மா பாடேன். எனக்குக் கேக்கணும் போல இருக்கு.”

ஸ்டெல்லா எழுந்து டி.வி.யை அணைத்தாள். வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இன்று அவர் இல்லை. கடைசி வரை யாரிடமும் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று நான் வெளிக்கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தபோது, உள்ளே ‘கரையேறாத’ என்று எடுத்து, ஸ்டெல்லா மூச்சு வாங்கினாள். படகு உடைகிறது என்று அவர் சொல்லப்போகிறார் என்று நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.